முழத்துக்கு மேல் போன கயிறு

அன்புள்ள அப்பா,

"அக்கா, கயிறு நீளமா இருக்கு, வெட்டிப் போடுங்க" என்று நேற்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை போடுகிறாளா? இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

கடலிலிருந்து வாரிக்கொண்டு வரும் பழைய வலையையும் கயிற்றையும் அரைத்து இங்கே பள்ளிக்கூட நாற்காலி செய்கிறோம் என்று எழுதியிருந்தேன். அரைக்கும் இயந்திரத்தில் முழத்துக்கு மேல் கயிறு போடக்கூடாது. நீளமாக இருந்தால் உருளையில் சுற்றி, பிடித்திருக்கும் கையையும் சேர்த்து இழுத்துவிடும். நேற்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். என் பக்கத்தில் நிற்கும் அக்கா வெட்டாமலே போட ஆரம்பித்தார்.

"அளந்து அளந்து வெட்ட நான் என்ன துணிக்கடையா வச்சிருக்கேன்?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் வேகமாகப் போட்டால் நானும் சீக்கிரம் அறைக்குப் போகலாம் என்று இருந்தது. கயிறு அவர் மணிக்கட்டைச் சுற்றியதும் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எனக்குக் கீறல்கூட இல்லை, பயப்படாதீர்கள்.

அரைக்கைச் சட்டை இரண்டு அனுப்புங்கள். இங்கே தருவதெல்லாம் தொளதொள முழுக்கை. பதில் நாலு பக்கமாவது எழுதுங்கள், வீட்டில் நடக்கிற சில்லறை விஷயமானாலும் பரவாயில்லை. மணி அடித்துவிட்டது, வேலைக்குப் போக வேண்டும்.

அக்காவின் வலது கையை நேற்று மாலையே ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாராம். நான் இன்னும் பார்க்கப் போகவில்லை.

உங்கள் மகள்