என்னைக் கேட்காமல் வேண்டாம் என்ற ஊசி

இராஜபாளையம்

அன்பு மகன் எட்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் ஜாஸ்மினும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அம்புட்டுக் கோபத்தில் இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், பாதியில் அப்பா வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன மாதம் உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கர்ப்பப்பையைச் சுரண்டி டெஸ்டுக்கு எடுத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். மகனுக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று முதலில் கூச்சமாக இருந்தது. எனக்காக டாக்டருக்குப் பதில் சொல்லக் கூசாதவனுக்கு இதைப் படிக்க என்ன கூச்சம்? மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் என்னை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே பசியோடு படுத்திருக்கிறேன், டாக்டரம்மா கதவுக்கு வெளியே நின்று உன் அப்பாவிடம் கேட்கிறார், மயக்கம் கொடுக்கவா, மரத்துப்போகிற ஊசி போடவா, இல்லை சும்மாவே எடுத்துவிடலாமா, செத்த நேர வேலைதான் என்று. மயக்கம் கொடுத்தால் நான் எழுந்திருக்காமல் போய்விடுவேனோ என்று அப்பாவுக்குப் பயம், உடனே உனக்குப் போன். ஸ்பீக்கரில் நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது, "அம்மா எம்புட்டு வலின்னாலும் தாங்கிக்கிடும்ப்பா, மயக்கமும் வேண்டாம் ஊசியும் வேண்டாம்னு சொல்லிருங்க" என்று. தாங்கிக்கிடுமாம்! உனக்கு யார் சொன்னது? பேண்டேஜ் துணித் தறியில் விரல் நசுங்கியும் அம்மா அழவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுவாயே, அன்றைக்கு அழ நேரமில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை அழுதேன். அலறினேன் எட்வின். கம்பி உள்ளே போனதும் உயிர் போய் வந்தது, நர்ஸ் என் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பெத்தவியதான, இதுக்குப் போயி இப்பிடிச் சத்தம் போடுதிய" என்றாள். வெளியே வந்தால் உன் அப்பா, நல்லவேளை மயக்கம் கொடுக்கவில்லை என்று காப்பியை நீட்டுகிறார். அதை வாங்கி அவர் தலையில் ஊற்றாமல் விட்டேனே, நான் தாங்கியது அது ஒன்றைத்தான்.

ரிசல்ட் வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம், வருகிற புதன்கிழமை கேமரா விட்டு எடுக்க வேண்டும். இந்தத் தடவையும் டாக்டரம்மா அப்பா பக்கம்தான் திரும்பினார். "என்ட்ட கேளுங்க டாக்டர், வலிக்கப்போறது எனக்கு" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பப்பை வாயில் ஊசி போட்டால் அந்த இடம் மட்டும் மரத்துப்போகுமாம், விழித்துக்கொண்டுதான் இருப்பேன், இழுப்பு கொஞ்சம் தெரியும். கை நரம்பில் மருந்து ஏற்றினால் தூங்கிவிடுவேன், மயக்க டாக்டர் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொள்வார், எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். முதுகில் போடுகிற ஊசியும் உண்டு, இந்தச் சின்ன வேலைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாதாம். பிறகு வரும் வலிக்கு மாத்திரை. இத்தனையும் போன மாதமும் இருந்ததுதானே! பிரஷர் சுகர் எல்லாம் பார்த்துவிட்டு நரம்பில் கொடுக்கலாம் என்றார், அதுதான் வேண்டும் என்று நானே கையெழுத்துப் போட்டேன். அதற்குள் அப்பா உனக்குப் போன் அடிக்கப் போனார், போனைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நீ மாற்றி மாற்றி அடித்தாயே, எடுக்காதது நான்தான்.

இதோடு உன்னை விட்டிருப்பேன். முந்தாநாள் ஜாஸ்மின் பேசினாள். அங்கே பிரசவத்துக்கு வலி தெரியாமல் இருக்க ஊசி போடுவார்களாமே, போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். "நீங்க ஊசி இல்லாமத்தான அவியளப் பெத்திய, அதனால வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிட்டாவ அத்தை" என்றாள். என்னையே சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். நான் உன்னை அப்படிப் பெற்றது என்னிடம் யாரும் கேட்காததால். கேட்டிருந்தால் வேண்டும் என்று கத்தியிருப்பேன். ஜாஸ்மின் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, டாக்டரிடம் அவள் வாயால் சொல்லட்டும், நீ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொள்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்மணி போலக் காக்கட்டும். வெயிலில் அவளை அலையவிடாதே, இளநீர் கிடைத்தால் வாங்கிக் கொடு. புதன்கிழமை காலையில் எனக்காக ஜெபம் பண்ணு. சாயங்காலம் எப்படி இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் அப்பாவுக்கு அடிக்காதே, என்னிடம் கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பரிபூரணம் சாம்சன்