மலையில் கொதித்த தண்ணீர்

தீதி,

இன்று காலை டாலிகஞ்ச் வீட்டு அடுப்பில் சிவப்பரிசி கொதித்துக்கொண்டிருக்கிறது. தோர்ஜி அனுப்பியதுதான். வைத்தியத்துக்காக மலையிலிருந்து கல்கத்தா வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். துணிப்பையில் வழக்கம்போல உங்கள் பெயரும் என் பெயரும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் எழுதுகிறார். கஞ்சி பொங்கி வழிந்து பர்னரில் கருகும் வாசனை வந்ததும், லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. துடைக்கத் துணி எடுக்கப் போனவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் அடுப்பைத் துடை என்றிருப்பீர்கள்.

நான் உங்களைத் தீதி என்று கூப்பிடுவது என் வீட்டில் எப்போதும் ஒரு கேலி. நீங்கள் திருநெல்வேலி, நான் கும்பகோணம், அக்கா என்று அழகாக ஒரு சொல் இருக்கும்போது எதற்கு வங்காள மொழியில் கூப்பிட வேண்டும் என்பார் என் கணவர். நம்முடைய மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவுகிறவரிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் நீங்கள் தீதிதான். நான் மட்டும் அக்கா என்றால் ஊர்க்காரி சலுகை கேட்கிறாள் என்று தோன்றியிருக்கும். உங்களிடம் சலுகை கிடைக்காது என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மூன்று சின்ன நாடுகளிலிருந்தும் தோர்ஜி, ஹசன் போன்ற அதிகாரிகள் நம்மிடம் பயிற்சிக்கு வந்துபோனார்கள். இரண்டு மலை நாடுகள், ஒரு தீவு நாடு. மூன்றையும் சேர்த்தாலும் நம் தென் கல்கத்தா அளவுக்கு மருந்து வாங்குவார்களா என்பது சந்தேகம். அதனால் விற்கிறவனுக்கு அவர்கள் மேல் பயமில்லை. ஒரு நாடு தரமில்லை என்று திருப்பி அனுப்பிய சரக்கை அடுத்த நாட்டுக்கு ஏற்றிவிடுவான். நீங்கள்தான் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் என்ன என்று கேட்டீர்கள். ஒருவர் பரிசோதித்தால் மூவருக்கும் செல்லும். ஒருவர் நிராகரித்தால் மூவரும் நிராகரிக்க வேண்டும். அவர்கள் ஊருக்குப் போய் மேலிடத்தில் பேசி, ஒரு வழியாக அதை ஒப்பந்தமாகவே ஆக்கிவிட்டார்கள். பெரிய நாடுகள் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிற காரியம் உங்கள் தயிர் சாதத்தோடு முடிந்தது என்று நான் கிண்டல் செய்தது நினைவிருக்கிறதா?

அந்த ஒப்பந்தம் முதல் வருஷமே உடையப் பார்த்தது. தோர்ஜியின் மலை நாட்டுக் கூடம் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பரிசோதித்து, மருந்து அளவு குறைவு என்று நிராகரித்தது. ஒப்பந்தப்படி தீவிலும் அதை நிறுத்தினார்கள். அங்கே அப்போது மழை, வீட்டுக்கு வீடு காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை. தீவிலிருந்து ஹசன் அந்த மாத்திரையோடு நம்மிடம் வந்தார். தோர்ஜியும் வந்தார். நாம் பரிசோதித்தோம், மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. ஹசன் எல்லோர் எதிரிலும், அளக்கத் தெரியாதவர்களை நம்பி எங்கள் பிள்ளைகளைக் காய்ச்சலில் படுக்கவைத்துவிட்டோம், ஊருக்குப் போனதும் ஒப்பந்தத்திலிருந்து விலகப்போகிறோம் என்றார். தோர்ஜி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். பேசிக்கொள்ளாத இரண்டு பேரை ஒரே வீட்டில் உட்கார வைக்கிற தைரியம் உங்களுக்குத்தான் வரும். ஹசன் முன்னறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தினசரியைப் புரட்டினார். தோர்ஜி சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டார். உங்கள் குக்கர் கேஸ்கெட் போய்விட்டதால் பானையில் சாதம் வடித்துக்கொண்டிருந்தீர்கள், பக்கத்து அடுப்பில் பருப்பு. கல்கத்தா அடுப்பு ரொம்ப வேகம், எங்கள் ஊரில் குக்கர் இல்லாமல் காலையில் ஏற்றின பருப்பு சாயங்காலமும் கல்லாகவே இருக்கும் என்று அவர் இந்தியில் வேடிக்கையாகச் சொன்னார். சும்மா உபசாரத்துக்குச் சொன்ன பேச்சு. நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டீர்கள். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது.

"ஏட்டி, இவரு சொல்லுதத கேட்டியா? அவங்க ஊர்ல தண்ணி சீக்கிரமே கொதிச்சிருது. சூடு ஏறுததுக்குள்ள கொதிச்சிருது" என்றீர்கள்.

உயரம் ஏற ஏறக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்த மாத்திரையை அளப்பதற்கு முன் அமிலத்தில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். அதில் மருந்து முழுதாகப் பிரிந்தால்தான் சரியான அளவு தெரியும். கொதிக்கவை என்றுதான் புத்தகத்தில் இருந்தது, எவ்வளவு சூட்டில் என்று இல்லை. எழுதியவர்கள் சமவெளிக்காரர்கள். அதே பாடத்தைப் படித்த நான், கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு தோர்ஜியின் கணக்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் அன்றைக்கு எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் நீங்கள் மறுநாள் செய்தது. தோர்ஜியை இயக்குநர் அறையிலிருந்து தன் கூடத்துக்குப் போன் செய்யச் சொன்னீர்கள். அங்கே கொதிக்கிற தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். நம்முடையதைவிட நன்றாகவே குறைவு. அதே சூட்டில் நம் வெந்நீர்த் தொட்டியை நிறுத்தி அந்த மாத்திரையைத் திரும்ப அளக்க வேண்டியதுதான் பாக்கி. நான் குடுவையைக் கையில் எடுத்தேன். நீங்கள் வாங்கி ஹசனிடம் நீட்டினீர்கள். அப்புறம் என்னிடம் மெல்லத் தமிழில் சொன்னீர்கள்: "நாம செஞ்சா அது நம்ம முடிவு. அவரு கையால செஞ்சாத்தான் அவரு முடிவு."

ஹசன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தக் குடுவைக்கு முன்னாலேயே நின்றார். அளந்து பார்த்தபோது அவருக்கும் மருந்து குறைவாகவே வந்தது, தோர்ஜிக்கு வந்த அதே அளவு. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் டீக்கடையில் இரண்டு மண் குவளைகளை வாங்கி, ஒன்றைத் தோர்ஜியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் பார்க்கவில்லை, தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள்.

மலையில் இன்னும் அதிக நேரம் கொதிக்கவைப்பது என்று முடிவாயிற்று. தீவில் மாத்திரைக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் பிழைத்தது. நீங்கள் அதில் இன்னொரு விதியும் சேர்க்கச் சொன்னீர்கள்: எந்த மருந்தில் குறை தெரிந்தாலும், நிராகரிப்பு முத்திரை குத்துவதற்கு முன்பு, அன்றைக்கே மற்ற இரண்டு நாடுகளையும் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவசரம் எதற்கு, கடிதம் போதாதா என்று கேட்டேன். "நல்ல சேதி மெதுவாப் போட்டும், ஒண்ணுமில்ல. கெட்ட சேதி அன்னைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயிரணும்" என்றீர்கள். அதை ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னபோது பாதி ருசி போய்விட்டது. ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து மலையில் ஒரு இருமல் மருந்து நிஜமாகவே மோசம் என்று தெரிந்தபோது, தீவின் துறைமுகத்தில் அதே மருந்தைக் கப்பலிலிருந்து இறக்கவே விடவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நீங்கள் கூடம் முழுக்கச் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள்.

நீங்கள் போன அன்று மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தோர்ஜிக்குப் போன் செய்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் உங்கள் மகன் வந்து ஏதோ கேட்டான், உறவுக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம்தான் தீவுக்கு லைன் கிடைத்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டுத் தடுமாறி உங்கள் பெயரை எடுத்தேன்.

"தெரியும்," என்றார் ஹசன். "தோர்ஜி மதியமே சொல்லிவிட்டார்."

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதேன், தீதி.

உங்கள் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். யாராவது பக்கத்து நாட்டுக்காரர்களின் அளவு தப்பு என்று கொண்டுவந்தால், அவர்கள் ஊர் எவ்வளவு உயரம் என்று முதலில் கேட்கிறேன். கெட்ட செய்தியை மறுநாளைக்கு என்று வைப்பதில்லை. அரிசி வெந்துவிட்டது, இங்கே சீக்கிரமே வெந்துவிடுகிறது. பையில் உங்கள் பெயரை எடுத்துவிடுமாறு தோர்ஜியிடம் நான் சொல்லப்போவதில்லை.