சீனிக்கு விட்ட இடம்

மதினி,

இன்று காலை பின்வாசலைத் திறந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலையே தெரியவில்லை. துவைக்கிற கல், கொடிக்கயிறு, சிமெண்ட் தளம் எல்லாம் நனைந்து கிடந்தன. உங்கள் கறிவேப்பிலைத் தொட்டியில் மட்டும், தண்டைச் சுற்றி, சோற்றுத் தட்டு அகலத்துக்கு மண் காய்ந்திருந்தது. மழையில் நின்ற வண்டியை எடுத்தால் அடியில் தரை காய்ந்திருக்குமே, அப்படி. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

சீனியை நம் பூனை என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். அது உங்கள் பூனை. அண்ணனும் போய், நானும் தனியாளாகப் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தபிறகு, அந்த வீட்டில் இருந்தது நீங்கள், நான், அது. எனக்கும் அதற்கும் தினமும் பஞ்சாயத்துதான். புதினா வைத்தாலும் கொத்தமல்லி வைத்தாலும் தொட்டிக்குள் ஏறிச் சுருண்டு படுத்து எல்லாவற்றையும் நசுக்கிவிடும். விரட்டினால் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடும். நீங்கள் சிரிப்பீர்கள்.

அது வயதாகிச் செத்தது. வளர்த்த உயிரைத் தென்னை மூட்டில் புதைப்பதுதானே நம் பக்கத்து வழக்கம், அப்படியே செய்தோம். நீங்கள் சரியாகச் சாப்பிடாமலே கிடந்தீர்கள். பிறகு ஒருநாள், சீனி நினைப்பாக ஒரு செடி வாங்கவேண்டும், பெரியகுளம் வரை போய்வரலாம் என்று கிளம்பினீர்கள்.

அந்த நர்சரிக்காரரைப் படுத்திய பாட்டை மறக்கமுடியாது. ரோஜாவைக் காட்டினார், முள் குத்தும் என்றீர்கள். குரோட்டன்ஸ் புதராக அடைத்துக்கொள்ளும் என்றீர்கள். துளசி சாமிச் செடி, அதன் அடியில் படுக்கலாமா என்று என்னிடமே கேட்டீர்கள். கடைசியில் ஒரு பெரிய தொட்டிக்கு மேல் இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்துக் காட்டி, இந்த அளவு மண் சும்மா கிடக்கவேண்டும், அதற்குத் தோதாக ஒரு செடி கொடுங்கள் என்றீர்கள். எதற்கு என்று கேட்டார்.

“எங்க பூனை படுக்க எடம் வேணும்ல.”

பூனைக்கு என்ன வயசு என்று அவர் சாதாரணமாகத்தான் விசாரித்தார். அது செத்துப்போய்விட்டது என்று நீங்களும் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். அவர் ஒற்றைத் தண்டாக மேலே போகிற கறிவேப்பிலைக் கன்று ஒன்றை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நினைவுக்கு ஒரு செடி என்று போய், ரசத்துக்குப் போடுகிற செடியோடு வருகிறோமே என்று வழியெல்லாம் உங்களைக் கேலி செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. குலசாமி கோயில் தூரமாகிப்போனவர்கள் அங்கே போய்ப் பிடிமண் எடுத்து வந்து, இருக்கிற ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். மண்ணோடு சாமியும் வந்துவிடும். நீங்கள் தென்னை மூட்டுக்குப் போய், சீனியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிச் சேலை நுனியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தீர்கள். தொட்டியில் அவிழ்த்துப் போட்டீர்கள்.

“பிடிமண் சாமிக்குல்ல எடுப்பாக மதினி. பூனைக்கா?” என்றேன்.

“யாரு நம்மகூட வரணும்னு நெனைக்கமோ, அவகளுக்கு எடுக்கிறதுதான் ஏத்தா.”

அடுத்த சாரலில் முதல்முறையாக அந்தக் காய்ந்த வட்டத்தைப் பார்த்தோம். இலை மறைத்திருக்கும் என்றேன் நான். நீங்கள் தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தூறலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். சளி பிடிக்கும் என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அந்தச் செடியில் ஒரு ஈர்க்கைக்கூட என்னைக் கிள்ளவிட்டதில்லை நீங்கள். வீட்டில் செடியை வைத்துக்கொண்டு சின்னமனூர் சந்தையில் கறிவேப்பிலை வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பங்குனியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். இந்த வருஷச் சாரல் தொடங்கியதிலிருந்து தினமும் தொட்டியைப் பார்த்தேன். மண் முழுக்க நனைந்தே கிடந்தது. சரி, உங்களோடு அதுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? தேனிக்கு வந்துவிடு என்று மகன் எத்தனையோ நாளாகக் கூப்பிடுகிறான். சம்மதித்தேன். தொட்டியை மாடிப்படி ஏற்ற முடியாது, இங்கேயே விட்டுவிடலாம் என்றான். அதற்கும் தலையாட்டினேன். இன்று காலை கார் கொண்டுவந்து, முன்வாசலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பின்வாசலைத் திறந்தேன்.

மண்ணைத் தொட்ட கையை இழுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் பக்கத்துத் தளத்தைப் பார்த்தேன். அங்கேயும் காய்ந்திருந்தது. காலை நீட்டி உட்கார்ந்த ஆள் அளவுக்கு. என் கண்ணெதிரே சாரல் விழுகிறது. அந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் நனையவில்லை.

பயந்தேன் மதினி. உங்களுக்கே பயந்தேன். மகனைக் கூப்பிடத் திரும்பினேன். பிறகு, நான் போனபின் இந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று தோன்றியது. நாளைக்கும் நீங்கள் இப்படியே உட்கார்ந்திருப்பீர்களே என்று நினைத்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது.

குனிந்து, காய்ந்த வட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். “வாங்க மதினி, போவம். அதையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்றேன். சேலை நுனியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைக் கடந்து போய்க் காரில் ஏறினேன். கதவையெல்லாம் மகன்தான் பூட்டிவிட்டு வந்தான்.

வீரபாண்டி தாண்டும்போது அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“ஏம்மா, அம்புட்டு எடம் கெடக்கு. கதவோரமா ஒண்டிக்கிட்டு வர்ற?”

“இருக்கட்டும்ப்பா” என்றேன். “எடம் வேணும்ல.”

இப்போது மகன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை; மடியில் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. ஒரு பிடி மண் இவ்வளவு கனக்காது. நாளை பெரியகுளம் போகவேண்டும். செடி எதுவாக இருந்தாலும் சரி, தொட்டி அகலமாக இருக்கவேண்டும்.