சின்னன் காணும் என்றேன்

மச்சான்,

நேற்று என் மகள் மேசையில் ஒரு சோலர் பனலை விரித்து வைத்தாள். நான்காக மடிக்கிற வகை. புதுத் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்த மணம் அறை முழுக்கப் பரவியது. அவளும் மருமகனும் குச்சவெளிக் கரையில் கூடாரம் அடித்து மூன்று நாள் இருக்கப் போகிறார்களாம். 'முகாம்' என்றுதான் சொன்னாள். சண்டைக்காலத்தில் நாம் அகதிகளாக இருந்ததற்கும் அதே பெயர்தான். கடையில் இரண்டு பனல் வாங்கி வந்திருந்தாள், பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாமாம்.

"அப்பா, உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். ரெண்டு போனும் ஒரு லைற்றும்தான். சின்னன் காணுமோ, இல்லாட்டிப் பெரிசு வேணுமோ?"

"பெரிசை எடு."

"அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஏலாதப்பா."

"பெரிசை எடு எண்டு சொல்லுறன்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவள் சின்னதை மடித்து வைத்தாள். நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இனி நீ கேட்கமாட்டாய் என்பதால்தான் எழுத முடிகிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

முகாமின் களஞ்சியக் கொட்டிலில் அன்று இரண்டு பனல்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று கண்ணாடி போட்டது, கதவுப் பலகை அளவு, இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கலாம். மற்றது மடிக்கிற சின்னது. ஒன்று உன் வீட்டுக்கு, ஒன்று பொதுக் கொட்டிலுக்கு என்று உதவி நிறுவனத்துப் பெண் சொன்னார். பொதுக் கொட்டிலுக்குப் பொறுப்பு நான்.

உன் மனைவி யோகத்துக்குத் தொய்வு, மூச்சிழுக்கிற வருத்தம். இழுப்பு வந்தால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். நடமாடும் வைத்தியசாலை டொக்டர் அவளுக்கு ஒரு மிஷின் தந்திருந்தார். கார் பற்றரியில் ஓடும். மருந்தைப் புகையாக்கி மூக்குக்குள் விடும். காலையில் கால் மணித்தியாலம், பின்னேரம் கால் மணித்தியாலம் பிடித்தால் அவளால் சமைக்க முடியும், தண்ணீர் அள்ள முடியும், என் பிள்ளைக்குத் தலை பின்னிவிட முடியும்.

"நோயாளி வீட்டுக்காரர் முதல்ல எடுக்கட்டும்" என்றார் அந்தப் பெண்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "எனக்கு வெங்காயம்தான் தெரியும். நீ வயர்மன். நீ சொல்லு, எதை எடுக்க?"

எனக்குத் தெரியும், மச்சான். மாரி தொடங்க ஒன்றரை மாதம்தான் இருந்தது. வானம் மூடினால் சின்னது அந்த மிஷினுக்குப் போதாது, பெரியது ஓரளவுக்காவது ஏற்றும். அதைக் கணக்குப் பார்க்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

ஆனால் பொதுக் கொட்டிலில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்திருந்தது. சின்னப் பனலில் அது ஓடாது. ஊரில் லைன் இழுத்துத் திரிந்த காலத்தில் என்னை எல்லோரும் தேடுவார்கள். முகாமில் என்னை ஒருவரும் தேடவில்லை. நானும் மற்றவர்களோடு சோற்றுக் கோப்பையை ஏந்தி வரிசையில் நின்றேன். படம் போட்டால் சனம் என் கொட்டிலுக்கு வரும், என்னைக் கேட்டு உட்காரும். அதற்காகத்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"சின்னன் காணும்" என்றேன். "திரும்ப ஓட வேண்டி வந்தா மடிச்சுக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு ஓடலாம். நீ யோகத்தையும் தூக்க வேணுமெல்லே?"

அந்தக் கடைசி வார்த்தைதான் உன்னை வென்றது. இறக்கக்கண்டியிலிருந்து வெளிக்கிட்ட அன்று நீ அவளை முதுகில் சுமந்துகொண்டு ஓடியதை நான் பார்த்திருந்தேன். எதைச் சொன்னால் நீ நம்புவாய் என்று தெரிந்துதான் சொன்னேன். நீ என் தோளில் கைவைத்து, "அதை நான் யோசிக்கேல்ல" என்றாய்.

வெயில் இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது. யோகம் சிரித்துக்கொண்டு திரிந்தாள். "அண்ணா எடுத்துத் தந்த சாமான் நல்லா வேலை செய்யுது" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள். பின்னேரங்களில் என் கொட்டில் நிறைந்தது. நான் பின்வரிசைக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று பெட்டியைத் திருப்பி வைப்பேன். 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு மழை விடாமல் பிடித்தது. நான்காம் நாள் காலை நீ அரிசிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தாய்.

"மச்சான், உன்ர பற்றரியை ஒருக்கால் தா. என்ரை செத்துப் போச்சு. அவளுக்கு விடியத் தொடக்கம் இழுக்குது."

என் பற்றரியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் படம் பார்த்தோம். கடைசிக் காட்சியில் திரையின் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு உள்ளங்கை அளவு படம்தான் மிஞ்சியது. அதையும் விடாமல் பார்த்தோம். நான்தான் நிறுத்த வேண்டாம் என்றேன்.

"என்ர பனலும் மழைக்கு ஏத்தேல்ல" என்று உன்னிடம் சொன்னேன்.

"பரவாயில்ல, இருக்கிறதைத் தா." நீயே அதைத் தோளில் தூக்கி வைத்தாய். நான் பின்னால் வந்தேன்.

யோகம் கூடாரக் கம்பைக் கட்டிப் பிடித்தபடி இருந்தாள். உதடு நாவற்பழ நிறம். நான் வயரைப் பொருத்தினேன். மிஷின் உறுமியது. அவள் குழாயை இரண்டு கையாலும் மூக்கில் அழுத்திக்கொண்டாள். மூன்று நிமிடம் இருக்கும், நான்கு இருக்காது. சத்தம் மெலிந்து நின்றது. அவள் என்னைத்தான் பார்த்தாள், உன்னையல்ல.

"அண்ணா... இன்னும்... கொஞ்சம்" என்றாள்.

வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே மூன்று தரம் அப்படிச் செய்தேன். நீ நிலாவெளிப் பக்கம் வாகனம் தேடி ஓடினாய். சோதனைச் சாவடியில் உன்னை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். அவசரத்தில் அது உன்னிடம் இல்லை. திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாய். நீ இரண்டாம் முறை போயிருந்தபோது அவள் என் கையைப் பிடித்தபடி செத்தாள். விடுவித்துக்கொள்ள நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் சடங்குக்கு நீ எங்கேயோ இரந்து ஒரு தேங்காய் கொண்டுவந்தாய். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை நீயே வைத்தாய். முதல் கோப்பையை எனக்கு நீட்டினாய். "இவன் இல்லாட்டி அவள் இவ்வளவு நாளும் இருந்திருக்கமாட்டாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். சாப்பிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தேங்காய்ப்பாலில் வைத்த கறி. ருசியாக இருந்தது, மச்சான். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம். நீ ஊருக்குத் திரும்பி வெங்காயம் போட்டாய், நான் பாலையூற்றுக்கு வந்தேன். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பிடி வெங்காயத்தைக் கட்டி பஸ்ஸில் அனுப்பினாய். சண்டை முடிந்தது. சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், உன் முகத்தைக் கண்டதும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன்.

போன வருடம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். உனக்கே மூச்சு வாங்கியது. டொக்டர் நாள் சொல்லிவிட்டார் என்று தெரிந்துதான் வந்தேன். அன்று சொல்லியே தீர்வது என்று வந்தேன். கட்டில் ஓரத்தில் இருந்து, "மச்சான், அந்தப் பனல் விஷயம்" என்று தொடங்கினேன்.

நீ கையைத் தூக்கி என்னை நிறுத்தினாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரிடம் முகத்தைத் திருப்பினாய். "ஐயா, இவன்தான் நான் சொன்ன ஆள். என்ர மனிசிக்கு ரெண்டு மாசம் கூட மூச்சுக் குடுத்தவன். தன்ரை பற்றரியையும் தந்தவன்."

அந்த மனிதர் படுத்தபடியே கையெடுத்து என்னைக் கும்பிட்டார்.

நான் மறுத்திருக்கலாம். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கண்ணில் அத்தனை சந்தோஷம். நானும் கை கூப்பினேன். "ஓம்" என்றேன்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நம் இருவருக்கும் நடுவில் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். உன் நன்றியை நான் திருப்பித் தரவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.