ஐந்தாவது சொல்

யூலை 14, திங்கள்

காலையிலிருந்தே தூறல். அம்பிட்டிய பஸ்ஸில் நசுங்கி, பாதி நனைந்து ஆய்வுகூடம். மின்விசிறி இன்னும் திருத்தவில்லை.

பரிசோதனைக்கு ஆட்கள் வருமுன், வழக்கம்போல் முதலில் என்னையே சோதித்தேன். திரையில் சிவப்பு வட்டம் வந்ததும் விசையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கருவி சரியா என்று பார்க்க வருடக்கணக்காகச் செய்வது. இன்றும் தாமதம். சித்திரைக்குப் பிறகு நான் மந்தமாகிக்கொண்டே போகிறேன். தற்செயல் எது, போக்கு எது என்று பிரித்துக் காட்டுவதுதான் என் தொழில். இது போக்கு.

அம்மாவுக்கும் இந்த வயதில்தான் மறதி தொடங்கியது. கடைசியில் என்னையே "யாரு நீங்க?" என்று கேட்டாள். பயமாக இருக்கிறது.

15, செவ்வாய்

விரிவுரையில் ஒரு சொல் வாயில் வரவே இல்லை. பலகையில் அதன் குறியீட்டை எழுதிச் சமாளித்தேன்.

வாங்க: காஸ், மிளகாய்த்தூள், மின்குமிழ்.

வீட்டில் செல்வம் தேத்தண்ணீரை வைத்துவிட்டு: "என்னம்மா, மூஞ்சே சரியில்ல? யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?"

தலையிடி என்றேன். கட்டிய புருஷனிடம் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

16, புதன்

அட, விசைப்பலகை! சித்திரை விடுமுறை முடிந்துதானே புதியதை மாட்டினோம்? மந்தம் அதில் இருக்கலாமே! பழையது அலுமாரியில். நாளைக்குப் பார்க்க வேண்டும். சந்தோஷத்தில் கொத்துரொட்டி வாங்கிப் போனேன்.

17, வியாழன்

பரீனாவைக் கூப்பிட்டேன். அலவத்துகொடக்காரி, என் பழைய மாணவி, இப்போது உடன் விரிவுரையாளர். எது பழையது, எது புதியது என்று தெரியாமல் துணி மூடி, இருவரும் இரண்டிலும் தட்டினோம்.

இரண்டிலும் அவள் வேகம். இரண்டிலும் நான் மந்தம்.

"ஒரு ஆள வெச்சு ஒண்டும் சொல்ல ஏலாதுண்டு நீங்கதானே மிஸ் படிச்சுத் தந்தீங்க," என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "ஆனா டொக்டர்ட்ட போவோம். நானும் வாறேன்."

மறதிச் சோதனையில் டொக்டர் ஐந்து சொற்களை வாசித்து, பிறகு திருப்பிக் கேட்பார். அந்தச் சோதனையைத் தமிழாக்கியபோது சொற்களைத் தேடிப் பொறுக்கியதே நான்! தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படியென்றால் அந்தச் சோதனை எனக்குச் செல்லாது. வெட்கக்கேடு, அதில் ஒரு நிம்மதி.

18, வெள்ளி

வெயில். டொக்டர் வாசித்தார். மழையைப் பற்றி, கண்டி வாகன நெரிசலைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. பிறகு, "இப்ப அந்தச் சொற்களச் சொல்லுங்க."

பால். கதிரை. மழை. செருப்பு.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். வெளியே வந்ததும் பரீனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைகாட்டி ஓட்டோவை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்தும் யோசிக்கிறேன். செல்வம் குசினியிலிருந்து, "சாப்பிட வாம்மா, ஆறிப் போகுது." இன்றைக்கு அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு தடவை.

பால், கதிரை, மழை, செருப்பு,