மோனிகாவின் காலை ஷிப்ட்

ஒக்கலிபுரம், பெங்களூர்
3.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் அங்கிருந்து தினமும் வேலைக்கு ரயிலில் வந்துபோகும் ஆதிகேசவன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஸ்னேஹாவுக்கு ஆறு மாதம். இந்த மாதக் கடைசியில் மோனிகாவின் பிரசவ லீவு முடிகிறது. ஆஸ்பத்திரி லேபில் காலை ஆறு மணி ஷிப்ட். நீ வந்து குழந்தையைப் பார்த்துக்கொள். இல்லாவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

உன் மகன்
கிஷோர்

கே.ஜி.எப்.
6.8.2025

என் செல்ல மகன் கிஷோருக்கு, அம்மா முத்தங்களோடு எழுதுவது.

உங்கள் மூன்று பேரையும் ஜெபத்தில் சொல்லாத நாளில்லை. குழந்தைக்கு ராகிக் கஞ்சி ஆரம்பித்தாயிற்றா?

நான் வரமாட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எதற்குப் பொய்?

நீ கைக்குழந்தையாக இருந்தபோது தங்கச் சுரங்கத்து மைன் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை வந்தது. உன் அப்பா, "புள்ளைய யாரு பாப்பா? நானா?" என்று சிரித்தார். அவருக்குச் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் வரை வீட்டில்தான் கிடந்தார். வேலை நம் தெரு மௌரீனுக்குப் போனது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போவாள். உன் அப்பாவை அடக்கம் செய்து குழியில் மண் போட்டபோதும் நான் அதை மறக்கவில்லை.

நான் வந்தால் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நீ செல்போனை எடுத்துக்கொள்வாய். உன் ஆபீசிலும் மத்தியான ஷிப்ட் உண்டென்று ஈஸ்டருக்கு நீதானே சொன்னாய்? கேட்க வாயில்லையா?

கோபித்துக்கொள்ளாதே ராஜா.

அம்மா

ஒக்கலிபுரம்
9.9.2025

அன்புள்ள அம்மா,

ஒரு மாதமாக நான் எழுதவில்லை என்று தேதியோடு மனதில் குறித்து வைத்திருப்பாய். கோபம்தான். மத்தியான ஷிப்டுக்குப் போனால் டீம் லீடர் பதவி கிடைக்காது. மோனிகா ராஜினாமாக் கடிதம் எழுதி பிரிட்ஜ் மேல் வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. கடைசியில் மத்தியான ஷிப்டைக் கேட்டுவிட்டேன். "வீட்டில் மனைவி இல்லையா?" என்றார் மேனேஜர். "வேலைக்குப் போகிறாள் சார்" என்றேன்.

ஷிப்ட் கிடைத்தது. அவள் வர, நான் கிளம்ப, இப்போது வாசலில்தான் பார்த்துக்கொள்கிறோம். கேரட் வேகவைத்துக் குக்கரைத் தீய்த்துவிட்டேன். நேற்று அவள் வந்து கையை நீட்டினாள். ஸ்னேஹா என் சட்டையை விடவேயில்லை. மோனிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை. டீம் லீடர் வேறு ஒருவன்.

கிஷோர்

கே.ஜி.எப்.
11.9.2025

என் தங்கமே,

மோனிகாவை அழ வேண்டாம் என்று சொல். குழந்தை ஒரு வாரத்தில் இரண்டு பேரிடமும் தாவும். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு ரோஸி அக்கா?" என்றாள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை ஆதிகேசவனோடு வருகிறேன். ஒரே நாள், விருந்தாளியாக. எனக்கு வேலை ஒன்றும் வைக்காதே. நீ குழந்தையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போடு, போதும். அறுபத்தெட்டு வயதாகிறது. ஓர் அப்பன் பிள்ளையைக் குளிப்பாட்டி நான் பார்த்ததேயில்லை.

அம்மா