வடக்குச் சுவர்

சேலையூர்,
12 பிப்ரவரி 1994

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம். சுகமில்லாதது நம் பல்லாவரத்து வேதக்கோயில் கூரை மட்டும்தான். பீடத்துக்கு மேலே விட்ட விரிசல் நீண்டுகொண்டே போகிறது. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, பழையதை இடித்துவிட்டு நீங்கள் ஷார்ஜாவிலிருந்து வரைந்து அனுப்பிய புதுக் கோயிலைக் கட்டுவதென்று முடிவெடுக்கப் போகிறது. செயலாளர் குப்புராஜ் சார் உங்கள் வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது.

கோபப்படாமல் படியுங்கள். எனக்குப் பழைய கோயில்தான் வேண்டும். விரிசல் ஏன் விட்டது என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் இடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. காட்டாங்குளத்தூர் என்ஜினியரிங் காலேஜில் ராஜகோபாலன் சாரைப் போய்ப் பார்த்தேன். ஒன்றோடொன்று குறுக்கே போகும் அந்த வளைவுக் கூரைகளை கனம், உயரம் எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டரில் முழு உருவமாக எழுப்பிக் கொடுத்தால், கூரை தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொன்னார். எங்கள் டிராயிங் ஆபீஸ் தசரதன் சாரும் வேலை முடிந்த பிறகு கம்ப்யூட்டரைத் தொட விட்டிருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன் நாம் ஒரே ஆபீசில் இருந்தபோது கட்டடங்களை அளக்கப் போவோமே, ஞாபகமிருக்கிறதா? நான் டேப்பின் ஜீரோ முனையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பேன். மறுமுனையில் நீங்கள் அளவைப் படிப்பீர்கள். இப்போது எனக்கு முனை பிடிப்பது கோயிலைப் பெருக்கும் அம்மணி அக்கா. "இன்னா ஜெயா, செவுரு எங்கியாவது ஓடிப் போவப் போவுதா? இப்டி அமுக்கிக்கினு நிக்கச் சொல்றே" என்கிறார்.

என்றும் உங்கள்
ஜெயா

ஷார்ஜா,
2 மார்ச் 1994

அன்பு ஜெயாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் கடிதம் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் வருத்தமும் பட்டேன். புருஷன் வரைந்த கோயில் வேண்டாம் என்று சொல்லும் பெண்டாட்டி பல்லாவரத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். சரி, ஆசைப்பட்டுவிட்டாய், செய். ஜூனில் எப்படியும் இங்கே வந்துவிடப் போகிறாய். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். உன் விசா பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம்.

ஒரு யோசனை சொல்கிறேன். கோயிலை முழுக்க அளந்து உயிரை விடாதே. தெற்குப் பாதியை மட்டும் ஒழுங்காக வரை. நடுக்கோட்டில் வைத்து மிரர் கமாண்ட் கொடு. கண்ணாடியில் தெரிவதுபோல் வடக்குப் பாதி தானாக வந்து உட்கார்ந்துவிடும். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். என் புதுக் கோயிலும் அப்படி வந்ததுதான். போன லீவில் தெற்குப் பக்கத்தை மட்டும்தான் அளந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
தாவீது

சேலையூர்,
29 மார்ச் 1994

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். மிரர் கொடுத்ததும் கோயில் முழுசாகத் திரையில் எழும்பி நின்றது. தசரதன் சார் டீ கிளாசோடு எழுந்து வந்து பார்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேதான் காட்டாங்குளத்தூருக்கு பஸ் ஏறினேன்.

ராஜகோபாலன் சார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தப் படத்தின்படி உங்கள் கூரைக்கு விரிசல் விடக் காரணமே இல்லையேம்மா. ஒன்று படம் பொய், இல்லை விரிசல் பொய். இதை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அம்மணி அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் தெற்குத் தூணிலிருந்து எதிர்மூலை வடக்குத் தூணுக்கு டேப்பைக் குறுக்கே இழுத்தோம். கம்ப்யூட்டர் சொன்னதைவிட ஒரு சாண் குறைந்தது. மறுபடியும் இழுத்தோம், அதே ஒரு சாண். அத்தான், வடக்குப் பாதி தெற்குப் பாதி மாதிரி இல்லை. மிரரில் வந்ததையெல்லாம் அழித்துவிட்டேன். வடக்கை முதலிலிருந்து அளக்கப் போகிறேன்.

உங்கள்
ஜெயா

ஷார்ஜா,
14 ஏப்ரல் 1994

ஜெயாவுக்கு,

ஒரு சாணுக்கா இத்தனை ஆட்டம்? அவ்வளவு தூரம் இழுத்தால் டேப் நடுவில் தொய்யும். அந்த அம்மாவுக்கு டேப் பிடிக்க என்ன தெரியும்? கோயிலைக் கட்டியவர்கள் வெள்ளைக்கார ராணுவ என்ஜினியர்கள், கோணலாகக் கட்ட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

குப்புராஜ் சார் எழுதியிருந்தார். தாவீதின் வரைபடத்துக்கு எதிராக அவன் மனைவியே நிற்கிறாள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்களாம். படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? ஊரில் நான் சொந்தமாகச் செய்யும் முதல் வேலை அது. என் பெயர் சொல்ல ஒரு கட்டடம் அங்கே நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அது தப்பா?

போதும். அளப்பதை நிறுத்திவிட்டு விசாவுக்கு மெடிக்கல் முடித்துக்கொள். ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடப் போகிறேன்.

தாவீது

சேலையூர்,
1 மே 1994

அத்தானுக்கு,

டேப் தொய்யவில்லை. தொய்ந்திருந்தால் அளவு கூடியிருக்கும், குறைந்திருக்காது. நடுவில் ஸ்டூல் போட்டுத் தாங்கு கொடுத்துத்தான் இழுத்தேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். அம்மணி அக்காவைப் பற்றி இனிமேல் அப்படி எழுதாதீர்கள். வெயிலில் என்னோடு நின்றது அவர்.

வடக்குச் சுவர் வளைந்திருக்கிறது. பீடத்தை நெருங்க நெருங்க உள்ளே ஒதுங்கிக்கொண்டே போகிறது. கோயிலுக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. சுவரை உள்ளேயும் வெளியேயும் அளந்துவிட்டேன். வெளியே குறுக்கே நின்ற பழைய கல்லறைகளையும் விடாமல் படத்தில் போட்டிருக்கிறேன். ஏன் வளைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, வளைந்திருக்கிறது என்பது தெரியும். இனி பாக்கி கூரையின் மேல்புறம்தான்.

சபை பேசுவது என் காதிலும் விழுகிறது. எனக்கும் வலிக்கிறது. நான் உங்களுக்கு எதிராக நிற்கவில்லை. நீங்கள் அளக்காத பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

விசா பேப்பரைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கோயில் நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி, அளந்து முடிக்காமல் வர மாட்டேன். அதற்குள் டிக்கெட் எடுத்தால் அந்த சீட்டில் உங்கள் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும் நம் ரவியிடம் இந்தக் கடிதத்தோடு படம் ஏற்றிய ஃப்ளாப்பிகளும் கொடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

ஜெயக்கொடி

ஷார்ஜா,
20 மே 1994

அன்பு ஜெயாவுக்கு,

தப்புத் தேடத்தான் உன் ஃப்ளாப்பிகளைத் திறந்தேன், மறைக்கவில்லை. அளவுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தேன், கீழே இருந்து பார்த்தேன். எல்லாம் கூடி வருகிறது. வளைவுகள் நான்கும் உச்சியில் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள் யாரும் இப்படி ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை.

அதன் மேல் என் புதுக் கோயிலை வைத்துப் பார்த்தேன் ஜெயா. என் வடக்கு அஸ்திவாரம் அந்தக் கல்லறை வரிசையின் மேலேயே போகிறது. கல்லறைகளில் நீ குறித்திருந்த வருஷங்களைப் பார்த்தேன், கோயிலைவிடப் பழையவை. அவற்றைத் தொடக்கூடாது என்றுதான் கட்டியவர்கள் சுவரை வளைத்திருக்கிறார்கள். நேர்க்கோடு போட எனக்குத் தெரிந்தது, அவர்களுக்கு ஒதுங்கிப் போகத் தெரிந்திருக்கிறது. நீ மட்டும் அளக்காமல் விட்டிருந்தால், கடப்பாரை எலும்பில் படும்போதுதான் நமக்குத் தெரிந்திருக்கும்.

என் வரைபடத்தை போர்டிலிருந்து எடுத்துவிடும்படி குப்புராஜ் சாருக்குக் காரணத்தோடு எழுதிவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, எழுதிவிட்டேன். லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். ஜூன் பதினைந்துக்குள் வந்துவிடுவேன். கூரையின் மேல்புறம் பாக்கி என்று எழுதியிருந்தாயே, நீ ஏறாதே. நான் வந்து அளந்து தருகிறேன்.

விசா பேப்பர் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நீ கேட்கும்போது எடுக்கிறேன்.

உன்
தாவீது

சேலையூர்,
3 ஜூன் 1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மணி அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். "உன் வூட்டுக்காரர் மோசமில்ல" என்றார். உங்கள் வரைபடம் ஒட்டியிருந்த இடம் போர்டில் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராஜகோபாலன் சார் புதுப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவர் ஒதுங்கும் இடத்தில் கூரையின் பாரம் கோணலாக இறங்குகிறதாம், விரிசலும் மிகச்சரியாக அங்கேதான் இருக்கிறதாம். இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் நிற்கும் என்று நினைக்கிறார். கூரையின் மேல்புற அளவும் வந்துவிட்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கமிட்டிக் கூட்டத்துக்குத் தானே வருவதாகச் சொன்னார். குப்புராஜ் சார் இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தோற்றாலும், என்னத்தை இடிக்கிறோம் என்று தெரிந்து இடிக்கட்டும்.

மழைக்கு முன் கூரையை முடித்துவிட வேண்டும். வாருங்கள், உங்களுக்காக ஏணியைச் சார்த்தி வைக்கிறேன். ஆனால் அளந்து தருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். நீங்கள் ஜீரோ முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அளவை நான் படிக்கிறேன்.

உங்கள்
ஜெயா